பொய்த்த கருவியும் பொறுப்புள்ள மனிதனும்

மனிதன் தான் அறிந்தவற்றுள் பெரும்பகுதியைச் சாட்சிகளின் வாயிலாகவே அறிகிறான். கண் ஒரு சாட்சி. காது ஒரு சாட்சி. பிள்ளையின் காய்ச்சலை அளக்கும் வெப்பமானி ஒரு சாட்சி. சுவரிலே தொங்கும் மணிக்கூடு ஒரு சாட்சி. பத்திரிகையும், பக்கத்து வீட்டார் கொண்டுவரும் செய்தியும் சாட்சிகளே. இவற்றுள் ஒன்று வாய்மூடிவிட்டால் நமக்குப் பெரிய சங்கடம் இல்லை. மணிக்கூடு நின்றுவிட்டது என்று கண்டதும் வேறு மணிக்கூட்டைத் தேடுவோம். ஆனால், நிற்காமல் ஓடிக்கொண்டே பிழையான நேரத்தைக் காட்டும் மணிக்கூட்டை என் செய்வது? அதனை நம்பிச் சென்று காரியம் கெட்டுப்போனால் குற்றம் மணிக்கூட்டினதா, நம்முடையதா?

தத்துவஞானிகள் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி இது. பிரெஞ்சு ஞானி டெக்கார்ட், 1641இல் வெளியிட்ட தமது தியானங்களில், புலன்கள் சில வேளைகளில் நம்மை ஏமாற்றுவதால் ஐயத்துக்கு இடமான அனைத்தையும் ஒருமுறை ஒதுக்கிப் பார்ப்போம் என்று தொடங்கினார். அவருக்கு அவகாசம் இருந்தது. கணப்படுப்பின் அருகே அமர்ந்து ஆறுதலாக ஐயுறலாம். ஆனால் முப்பதாயிரம் அடி உயரத்தில், நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறக்கும் ஆகாய விமானத்தில், இயந்திரத்தின் கருவியொன்று பொய் சொல்லத் தொடங்கினால் அங்கே ஐயுற எவ்வளவு நேரம் உண்டு? வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பார்க்க ஆகாயத்தில் இடமில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு விமானப் பொறியியலாளர்கள் நடைமுறையில் விடை கண்டாக வேண்டியிருந்தது. பிள்ளைகளையும் சகோதரர்களையும் விமானமேற்றி அனுப்பாத வீடு நம்மிடையே குறைவு. அவர்களைச் சுமந்து செல்லும் இயந்திரங்களுக்குள் இந்த விசாரணை ஒவ்வொரு விநாடியும் நடந்துகொண்டிருக்கிறது. அதனைச் சற்று அறிந்துகொள்வது பயனுடையது.

நெருப்பை ஆளும் கணனி

ஜெற் இயந்திரத்தின் தத்துவம் எளியது. முன்வாயால் காற்றை இழுத்து, வரிசை வரிசையாகச் சுழலும் அலகுகளால் அதனை நெருக்கி, எரிபொருளைத் தூவிக் கொளுத்தி, விரிந்தெழும் வாயுவைப் பின்வாயால் வெளியேற்றுகிறது. வெளியேறும் வாயு போகிற வழியில் ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அச்சுழலி தன் அச்சினால் முன்னாலுள்ள அமுக்கியைச் சுழற்றுகிறது. பயணிகள் விமானமொன்றின் இயந்திரத்தில் உள்ளச்சு நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழல்வது சாதாரணம்.

தத்துவம் எளிது, அடக்கி ஆள்வதுதான் கடினம். சுழலியின் அலகுகளை மோதும் வாயு, அந்த உலோகம் உருகும் வெப்பநிலையையும் மிஞ்சியது. அலகுகளுக்குள் நுண்ணிய துளைகளின் வழியே குளிர்ந்த காற்றைச் செலுத்துவதனாலேயே அவை உருகாமல் நிற்கின்றன. எரிபொருள் சற்று மிகுந்தால் அலகுகள் கருகும். திடீரென மிகுந்தால், நெருக்குண்ட காற்று முன்னோக்கித் திமிறி வெடியோசை எழுப்பி இயந்திரத்தைக் குலுக்கும். எரிபொருள் குறைந்தால் நெருப்பு அவிந்துபோகும். இந்த மூன்று ஆபத்துக்களுக்கும் நடுவேயுள்ள ஒடுக்கமான பாதையில் இயந்திரத்தை நடத்த வேண்டும்.

முற்காலத்தில் இவ்வேலையைச் சுருள்வில்லுகளும், சுழலும் எடைகளும், எண்ணெய் அமுக்கமும் சேர்ந்து செய்தன. 1984இல் போயிங் 757 விமானத்தில் சேவைக்கு வந்த பிராட் அன்ட் விட்னி நிறுவனத்தின் இயந்திரத்துடன், முழு அதிகாரமும் கணனியிடம் ஒப்படைக்கப்படும் முறை பயணிகள் விமானங்களில் புகுந்தது. இன்று விமானி நெம்பைத் தள்ளும்போது அவர் எரிபொருள் வாயிலைத் தாமே திறப்பதில்லை. இவ்வளவு உந்துவிசை வேண்டும் என்று கேட்கிறார். எவ்வளவு எரிபொருளை எவ்வளவு வேகத்தில் ஊற்றுவது என்பதைக் கணனி தீர்மானிக்கிறது.

அந்தக் கணனிக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. அச்சின் வேகம், காற்றின் அமுக்கம், வாயுவின் வெப்பநிலை, எரிபொருள் வாயில் திறந்திருக்கும் அளவு ஆகியவற்றை அளந்து சொல்லும் சில உணரிகளே அதன் புலன்கள். இவ்வுணரிகளோ நெருப்புக்கும், அதிர்ச்சிக்கும், பனிக்கட்டிக்கும், தூசுக்கும் நடுவே வாழ்கின்றன. ஆகவே அவற்றுள் ஏதேனும் ஒன்று என்றாவது பழுதாகும் என்பதை எதிர்பார்த்தே இயந்திரம் ஆக்கப்படுகிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு கணனிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று ஆளும், மற்றது விழித்திருக்கும். முக்கியமான அளவுகளை இரண்டும் தனித்தனி உணரிகளால் பெற்று, ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. விமானத்தின் மின்சாரம் போனாலும் கணனி சாகாதபடி, இயந்திரமே சுழற்றும் தனி மின்பிறப்பாக்கி உண்டு. ஓர் இயந்திரத்தின் பிழை மற்ற இயந்திரத்தைத் தொற்றாதபடி ஒவ்வொன்றுக்கும் தனிக் கணனிப் பெட்டி.

சாட்சியைச் சோதித்தல்

உணரியொன்று ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது. கணனி அதனை எவ்வாறு சோதிக்கிறது?

முதலாவது, இது நடக்கக்கூடியதா என்று பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நெருப்பறைக்குப் பின்னால் உறைநிலைக் குளிர் என்று ஒரு வெப்ப உணரி சொன்னால், கம்பி அறுந்திருக்க வேண்டும். இரண்டாவது, இவ்வளவு விரைவில் இது மாறக்கூடியதா என்று பார்க்கிறது. பாரமான அச்சொன்று கண்ணிமைக்கும் பொழுதில் முழு வேகத்திலிருந்து பூச்சியத்துக்கு வராது; அப்படிச் சொல்லும் உணரியை நம்பலாகாது. மூன்றாவது, அதே பொருளை அளக்கும் மற்ற உணரியும் இதையே சொல்கிறதா என்று ஒப்பிடுகிறது.

இங்கேதான் சிக்கல். இரு சாட்சிகள் முரண்பட்டால், இருவருள் ஒருவர் பிழை என்று தெரியும். எவர் பிழை என்று தெரியாது. வாக்கெடுப்பு நடத்த இரண்டு பேர் போதாது. ஆகவே நாலாவது சோதனை வேண்டியதாயிற்று. இயந்திரத்தின் உறுப்புகள் தனித்தனியாக வாழ்வன அல்ல. இவ்வளவு எரிபொருள் எரிந்தால், வெளியே இவ்வளவு குளிரிருந்தால், அச்சு இவ்வளவு வேகத்தில் சுழன்றால், அமுக்கம் ஏறக்குறைய இவ்வளவு இருக்கத்தான் வேண்டும். அந்த உறவுகளைக் கணக்காக எழுதிக் கணனிக்குள் வைத்துவிட்டால், உண்மையான இயந்திரத்தின் பக்கத்திலே எண்களால் ஆன ஓர் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும். முரண்பட்ட இருவருள் எவருடைய சொல் மற்றெல்லா உறுப்புகளின் சொல்லோடும் பொருந்துகிறதோ, அவர் சொல்லைக் கொள்ளலாம். இருவருமே பழுதானால் எண்களின் இயந்திரம் சொல்லும் அளவை அவர்களுக்குப் பதிலாக வைத்து ஓட்டலாம்.

1980களில் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், அந்நாளில் லூயிஸ் ஆராய்ச்சி நிலையம் என்றும் 1999 முதல் கிளென் ஆராய்ச்சி நிலையம் என்றும் அழைக்கப்படும் நாசா நிலையத்தில், எப்-100 என்னும் போர்விமான இயந்திரத்தை உயர்வான ஆகாயத்தின் நிலைமைகளை உண்டாக்கும் கூடத்தில் வைத்து இம்முறையைப் பரீட்சித்தார்கள். வேண்டுமென்றே உணரிகளைப் பொய் சொல்ல வைத்து, கணனி அதனைக் கண்டுபிடிக்கிறதா, பொய்யனை ஒதுக்குகிறதா, ஒதுக்கியபின் இயந்திரத்தைத் தொடர்ந்து ஆள்கிறதா என்று பார்த்தார்கள். றூடோல்ப் கால்மன் என்ற அறிஞர் 1960இல் வெளியிட்ட கணித முறை இதற்கு அடிப்படை. அம்முறை அளந்து வந்த எண்ணையும் முழுதாக நம்புவதில்லை. தான் எதிர்பார்த்த எண்ணையும் முழுதாக நம்புவதில்லை. இரண்டுக்கும் அவற்றின் நம்பகத்துக்குத் தக்கபடி எடை கொடுத்து நடுவே ஒரு முடிவுக்கு வருகிறது. நல்ல நீதவான் ஒருவர் செய்வதும் இதுவே.

சட்டென்று அறுந்துபோகும் உணரியைப் பிடிப்பது எளிது. மெல்ல மெல்ல வழுவும் உணரிதான் ஆபத்தானது. நேற்று ஒரு பாகை, இன்று இரண்டு பாகை என்று நழுவும் பொய், எந்த நாளிலும் பொய்யாகத் தெரிவதில்லை. எவ்வளவு வேறுபட்டால் சந்தேகிப்பது என்று பொறியியலாளர் ஓர் எல்லையை வைத்தாக வேண்டும். எல்லையை நெருக்கமாக வைத்தால், உண்மை சொல்லும் உணரியையும் பொய்யன் என்று வெளியே தள்ளிவிடும். விசாலமாக வைத்தால், பொய்யன் உள்ளேயே இருந்து ஆட்சி செய்வான். இவ்விரண்டு தவறுகளையும் ஒருங்கே இல்லாமற் செய்யும் எல்லை எதுவும் இல்லை. தம்மைப் பெரிய விவேகிகள் என்று எண்ணி எவரையும் நம்பாதவர்கள் இதனைக் கவனிக்கட்டும்: சந்தேகத்துக்கும் விலை உண்டு, உண்மையுள்ள சாட்சியை இழப்பதே அந்த விலை.

இன்னொன்றும் உண்டு. எண்களின் இயந்திரம் புதிய இயந்திரத்தைப் பார்த்து எழுதப்படுவது. உண்மையான இயந்திரமோ பறந்து பறந்து தேய்கிறது. காலம் செல்ல, உணரி சரியாகச் சொன்னாலும் கணக்கு அதனோடு ஒத்துப்போகாது. அப்போது திருத்தப்பட வேண்டியது சாட்சியல்ல, நீதவானே. தேய்வுக்குத் தக்கபடி தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் முறைகளும் இதனாலேயே வகுக்கப்பட்டன.

எல்லாம் கைவிட்டால்? அப்போது கணனி குறைந்த அறிவோடு வாழப் பழக்கப்பட்டிருக்கிறது. அமுக்க உணரிகள் பொய்த்துவிட்டால், அமுக்கத்தைக் கொண்டு இயந்திரத்தை ஆளும் நுட்பமான முறையை விட்டு, அச்சின் வேகத்தை மட்டும் கொண்டு ஆளும் எளிய முறைக்கு இறங்கிவரும் இயந்திரங்கள் உள்ளன. நுட்பம் சற்றுக் குறையும்; உயிர் தப்பும். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகப் பாவிக்காமல், தெரிந்த அளவுக்குள் அடங்கி நடப்பது என்று இதனைச் சொல்லலாம்.

பழுதொன்று உள்ள கணனியோடு விமானம் மீண்டும் பறக்கலாமா என்பதற்கும் விதி உண்டு. சில பழுதுகளோடு பறக்கவே கூடாது. சிலவற்றோடு, குறித்த மணித்தியாலங்களுக்கு மட்டும் பறக்கலாம். அதற்குள் திருத்தியாக வேண்டும். இரண்டாவது கணனி இருக்கிறதே என்று முதலாவதின் பழுதைக் காலவரையின்றி விட்டுவைக்க அனுமதி இல்லை. இருப்பில் உள்ளது ஆபத்துக்கு உதவவே வைக்கப்பட்டது. அசட்டைக்கு உதவ அல்ல.

பொட்டோமாக் நதியில்

இதுவரை சொன்னது கணனியின் விவேகம். அதனை அமைத்தவனும், அதன்முன் அமர்ந்திருப்பவனும் மனிதரே. மனிதன் நீதவானாக இருந்து தவறிய ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி, வாஷிங்டன் நகரில் கடும் பனி பெய்துகொண்டிருந்தது. எயார் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானமொன்று 79 பேருடன் புறப்பட ஆயத்தமாயிற்று. இயந்திரத்தின் வாயிற் பகுதியைச் சூடாக்கிப் பனி படியாமற் காக்கும் அமைப்பை விமானிகள் இயக்கவில்லை. அந்த வாயிலில் உள்ளே வரும் காற்றின் அமுக்கத்தை அளக்கும் உணரியைப் பனிக்கட்டி அடைத்துவிட்டது.

அவ்விமானத்தில் இயந்திரத்தின் வலுவைக் காட்டும் பிரதான கருவி, வெளியேறும் வாயுவின் அமுக்கத்தை உள்ளே வரும் காற்றின் அமுக்கத்தால் பிரித்துக் காட்டுவது. பின்னத்தின் கீழெண் சிறுத்தால் விடை பெருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உணரி அடைபட்டதால் உட்காற்றின் அமுக்கம் குறைவாகப் பதிவாயிற்று. வலு கூடுதலாகத் தெரிந்தது. கருவி 2.04 என்று காட்டியபோது உண்மையான வலு ஏறக்குறைய 1.70 மட்டுமே. இரண்டு இயந்திரங்களின் கருவிகளும் ஒரே பொய்யை ஒரே குரலில் சொல்லின. ஏனெனில் இரண்டையும் கெடுத்தது ஒரே பனி.

ஆனால் அதே பலகையில் வேறு கருவிகளும் இருந்தன. அச்சின் வேகம், வாயுவின் வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம் ஆகியவற்றைக் காட்டும் முட்கள் வழமையிலும் தாழ்ந்து நின்றன. அவை உண்மை பேசின. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி, ஓடுபாதையில் விரையும்போதே ஏதோ சரியாக இல்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னார். தலைமை விமானி அதனை ஏற்கவில்லை; ஓட்டத்தை நிறுத்தவுமில்லை. சிறகுகளில் பனி படிந்த அவ்விமானம் போதிய வலுவின்றி எழுந்து, அரை நிமிடமளவில் நதிமேலுள்ள பாலமொன்றில் மோதி, உறைந்த பொட்டோமாக் நதியில் விழுந்தது. விமானத்தில் 74 பேரும் பாலத்தில் 4 பேரும் இறந்தனர். ஐவரே தப்பினர். துணை விமானி கருவிகளின் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியும் தலைமை விமானி தொடக்கத்திலேயே ஓட்டத்தைக் கைவிடாமை, விபத்தின் காரணங்களுள் ஒன்று என்று அந்நாட்டுத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை தீர்த்தது.

நெம்பை இன்னும் முன்னே தள்ள இடமிருந்தது. இயந்திரங்களில் இன்னும் வலு இருந்தது. வலு முழுதும் வந்துவிட்டது என்று கருவி சொன்னதால், அதனைக் கேட்க எவருக்கும் உரிய வேளையில் தோன்றவில்லை. பொய்ச் சாட்சியின் பெருந்தீங்கு இது: தவறான வழியைக் காட்டுவதோடு நில்லாமல், சரியான வழியைத் தேடவேண்டும் என்ற எண்ணத்தையே அணைத்துவிடுகிறது.

அந்த நதியில் இன்னொன்றும் நடந்தது. மிதந்த வாற்பகுதியைப் பற்றிக்கொண்டிருந்த சிலருக்கு ஹெலிகொப்டரிலிருந்து கயிறு இறக்கப்பட்டது. ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற 46 வயது வங்கிப் பரிசோதகர், தம் கைக்கு வந்த கயிற்றை மற்றவர்களுக்குக் கொடுத்தார். அவருக்காக ஹெலிகொப்டர் திரும்பி வந்தபோது அவர் நீரில் மூழ்கிவிட்டார். 1985இல் அந்தப் பாலத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பிரதான கருவி பொய்த்த நாளிலும், பக்கத்தில் இருப்பவனின் தேவை மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

பெரும்பான்மை பொய்த்தபோது

இரண்டு சாட்சி போதாதென்றால் மூன்று வைத்துப் பெரும்பான்மையைக் கேட்கலாமே என்று தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 2008 நவம்பர் 27ஆந் திகதி, பிரான்சின் பெர்ப்பிஞ்ஞோன் நகருக்கு அருகே, எயார்பஸ் 320 விமானமொன்று பரீட்சைப் பறப்பின்போது கடலில் விழுந்து எழுவர் இறந்தனர். அங்கு பொய்த்தவை இயந்திரத்தின் உணரிகள் அல்ல. காற்றை விமானம் எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்று சொல்பவை. அவை மூன்று. வர்ணம் பூசுமுன் விமானத்தைக் கழுவியபோது, உணரிகளை விதிப்படி மூடிக் காக்கவில்லை. உட்புகுந்த நீர் ஆகாயத்தில் உறைந்து, மூன்றில் இரண்டை ஏறக்குறைய ஒரே கோணத்தில் இறுக்கிவிட்டது. இருவர் ஒத்துப் பேசியதால் கணனி அவர்களை நம்பி, உண்மை பேசிய மூன்றாமவனை ஒதுக்கியது. வேகம் குறைந்தால் விமானத்தைக் காக்கும் அமைப்பு தக்கபடி செயற்படுகிறதா என்று விமானிகள் தாழ்ந்த உயரத்திலேயே சோதித்தனர். அது காக்கவில்லை.

சாட்சிகளின் எண்ணிக்கையால் உண்மை உறுதியாவதில்லை. ஒருவரை ஒருவர் சாராத சாட்சிகளால்தான் உறுதியாகிறது. கலியாணம் பேசிவந்த இடத்தைப் பற்றி ஐந்து பேரிடம் விசாரித்தோம், ஐவரும் நல்ல இடம் என்றார்கள் என்று திருப்திப்படுவோர் உண்டு. அந்த ஐவரும் ஒரே தரகரின் வாயிலிருந்து கேட்டவர்களாயின், விசாரித்தது ஒருவரைத்தான். ஊர்க்கதை நூறு வாயில் உலாவினாலும் அது புறப்பட்ட வாய் ஒன்றாக இருக்கலாம்.

இருவகை அறியாமை

இனிப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். அறியாமையை அறநூலார் இருவகையாகப் பிரிப்பர்: வெல்லக்கூடிய அறியாமை, வெல்ல முடியாத அறியாமை. ஒருவன் அறிந்துகொள்ள வேண்டியதாயும், முயன்றால் அறியக்கூடியதாயும் உள்ள ஒன்றை அசட்டையால் அறியாதிருந்தால் அவ்வறியாமையே குற்றம் என்றும், எவ்வளவு முயன்றாலும் அறிய இயலாததை அறியாதிருப்பது குற்றமல்ல என்றும் 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். இந்தப் பிரிவை விமானத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால் ஒரு காரியம் தெளிவாகும். அறியாமையை வெல்ல அவகாசம் வேண்டும். விமானியிடம் உள்ள அவகாசம் விநாடிகளில். விமானத்தை ஆக்குபவரிடம் உள்ள அவகாசம் ஆண்டுகளில். ஆகவே ஐயுற வேண்டிய கடமையின் பாரமும் அந்த விகிதத்திலேயே பகிரப்படுகிறது.

போயிங் 737 மக்ஸ் விமானத்தின் கதை இதற்குச் சாட்சி. பெரிய புதிய இயந்திரங்களைச் சிறகில் முன்தள்ளிப் பொருத்தியதால் விமானத்தின் போக்கு மாறியது. அதனை ஈடுசெய்ய மூக்கைத் தானாகத் தாழ்த்தும் ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். விமானத்தின் மூக்கில் கோண உணரிகள் இரண்டு இருந்தும், அவ்வமைப்பு ஒரு பறப்பில் ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்டது. 2018 ஒக்டோபர் 29இல் ஜாவாக் கடலில் 189 பேரும், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் 157 பேரும் இறந்தனர். இரண்டிலும் ஓர் உணரியின் பிழையான சொல் அவ்வமைப்பை எழுப்பியது. பின்னர் இரண்டு உணரிகளையும் ஒப்பிடும்படி அமைப்பைத் திருத்தியே மீண்டும் பறக்க அனுமதித்தார்கள். இரண்டாவது சாட்சி வாசலில் நின்றிருக்க, அவனை அழைத்துக் கேளாதிருப்பது வெல்லக்கூடிய அறியாமை அன்றி வேறென்ன?

விமானிக்கோ நிலைமை வேறு. 2009 ஜூன் 1ஆந் திகதி, றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற எயார் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்பளிங்கு அடைத்தது. தானியங்கி விமானி விலகிக்கொண்டது. அடைப்பு நீடித்தது ஒரு நிமிடம் அளவே. இயந்திரங்கள் பழுதின்றி இயங்கின. மூக்கின் சாய்வையும் இயந்திரத்தின் வலுவையும் வழமையான அளவில் வைத்துக்கொண்டால், வேகமானி இல்லாமலே வேகம் ஏறக்குறைய முன்போலிருக்கும் என்பது விமானிகளின் பழைய பாடம். ஆயினும் அந்த இருட்டிலும் குழப்பத்திலும் மூக்கு உயர்த்தப்பட்டு, நாலு நிமிடமளவில் விமானம் அத்திலாந்திக் கடலில் விழுந்து 228 பேரும் இறந்தனர். அவ்வளவு உயரத்தில் வேகமானி பொய்த்தால் கையால் ஓட்டுவது எப்படி என்ற பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை. அத்தகைய குழாய்கள் வேறு விமானங்களிலும் முன்பு அடைபட்டிருந்தன; மாற்றும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த நிமிடத்தின் தவறு விமானிகளுடையது. அந்த நிமிடத்துக்கு முந்திய ஆண்டுகளின் தவறு அவர்களுடையது மட்டுமல்ல.

நெருக்கடியில் மனிதன் புதிதாக விவேகியாகிவிடுவதில்லை. முன்னரே சேர்த்து வைத்த விவேகத்தைத்தான் எடுத்துச் செலவழிக்கிறான். அதே அக்குவினாஸ் விவேகத்தின் கூறுகளை எண்ணியபோது, நினைவாற்றல், பிறர் சொல் கேட்கும் பணிவு, முன்நோக்கு, சுற்றும்முற்றும் பார்க்கும் கவனம், எச்சரிக்கை ஆகியவற்றையும் அவற்றுள் வைத்தார். நல்ல இயந்திரக் கணனியை வகுத்த பொறியியலாளரின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே.

நம் வீடுகளில்

தகப்பனாரும், பாடசாலை அதிபரும், சங்கத் தலைவரும், எம்மைப் போன்ற குருவானவர்களும் தத்தம் இடத்தில் தலைமை விமானிகளே. நம்முன்னாலும் ஒரு பெரிய கருவி இருக்கும். அது அனுபவமாகவோ, படிப்பாகவோ, எப்போதும் நம்மைப் புகழும் ஒரு நண்பராகவோ இருக்கலாம். அது எல்லாம் சரி என்று காட்டும்போது, வீட்டின் இளையவனோ, வாய்பேசாத மனைவியோ, சபையில் கடைசி வரிசையில் அமர்ந்தவரோ, ஏதோ சரியாக இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? அவர் சொல்வது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. உணரிக்குக் கொடுக்கும் மரியாதையை அவருக்கும் கொடுத்து, மற்றச் சாட்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பிழை கண்டால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பதுமில்லை. பிள்ளை ஒருமுறை பொய் சொன்னான் என்று அவன் சொல்வது யாவும் பொய் என்று தீர்க்கும் தகப்பன், எல்லையை மிக நெருக்கமாக வைத்த பொறியியலாளன். பத்தாவது முறையும் கேளாமல் நம்பும் தகப்பன், எல்லையே வைக்காதவன். பழுதைக் கண்டால் குறித்துக்கொள்வதும், அதற்கு ஒரு தவணை வைப்பதும், தவணைக்குள் திருத்துவதும் விமான நிலையத்துக்கு மட்டும் உரிய ஒழுங்கல்ல.

அந்தப் பனி பெய்த நாளில் விமானிகளின் கண்ணெதிரே உண்மை பேசிய முட்கள் ஒன்றல்ல, பல இருந்தன. அவற்றை அறிவதற்குப் புதிய கணனி எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் கேட்ட கேள்விக்கு மதிப்புக் கொடுத்து, ஒரு விநாடி பார்வையை அடுத்த கருவியின் பக்கம் திருப்பியிருந்தால் போதும்.